கண்மாய்க்கு வரும் பறவைகளைப் பிள்ளைகளோடு வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல் வருஷம் மார்கழியில், காலை பத்து மணிக்கு, நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த பறவைப் படங்கள். நாங்கள் கரையேறியதுமே பாதிப் பறவைகள் எழுந்து போய்விட்டன. மீதி, வெயிலுக்கு நேரெதிரே கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. பிள்ளைகள் உட்கார்ந்து அச்சுப் படத்தைப் பார்த்து அழகாக வரைந்து கொடுத்தார்கள். அதில் நான்கு பேர் பூநாரை வரைந்திருந்தார்கள். எங்கள் கண்மாயில் நான் பூநாரையைப் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் வரிசையை மாற்றினேன். முதலில் ஊரிடம் கேட்பது, பிறகு போய்ப் பார்ப்பது, பார்த்ததை நினைவிலிருந்து வரைவது, வரைந்ததை நாலு பேர் பார்க்க வைப்பது, அவர்கள் சொன்னதை வைத்துத் திரும்பப் பார்ப்பது. புத்தகப் பெயர் கடைசியில். பின்னால் இதைத் தொடங்கிய பலரும் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்ததால் எழுதி வைக்கிறேன். எல்லாம் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை வைத்துச் சொல்வது. உங்கள் ஊரில் ஏரியோ குளமோ இருந்தால் மாதக் கணக்கை மட்டும் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

1. புரட்டாசியிலேயே தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்த பிறகுதான் எங்கள் பக்கம் நாரைகள் வந்து கூடு கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வரவு, தை மாசியில் குஞ்சுகள், பங்குனியில் பெரும்பாலும் காலி. பறவை வந்த பிறகு வேலையைத் தொடங்கினால் பாதிப் பருவம் ஏற்பாட்டிலேயே போய்விடும்.

அதனால் பறவை வருவதற்கு முன்பே, கண்மாய் வறண்டு கிடக்கும்போது பிள்ளைகளை ஒருமுறை உள்ளே நடத்திக் கூட்டிப் போங்கள். மடை எங்கே, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எங்கே, கருவேல மரங்கள் எத்தனை என்று ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். மரங்களுக்கு எண் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் நிறைந்த பிறகு கரையில் நின்றுகொண்டு, "ஏழாம் மரத்துல கூடு வச்சிருச்சு" என்று பிள்ளைகள் சொல்வதற்கு இந்த எண்தான் வழி. எண் இல்லாவிட்டால் எல்லாமே "அந்தா அந்த மரம்"தான்.

மழை பொய்த்தால்? பொய்க்கும். அந்த வருஷம் நாரைகள் வராமல் போகலாம். அப்போதும் வாலாட்டி, தகைவிலான், பழுப்புக் கீச்சான் போன்ற சின்னப் பறவைகள் ஊருக்குள் வரத்தான் செய்யும். மின்கம்பியையும் களத்துமேட்டையும் பார்க்க வைத்து அதே படிகளைச் செய்யலாம். பிள்ளைகளிடம், "இந்த வருஷம் வரல" என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பதிவுதான்.

2. கையில் வேண்டியவை

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கரையில் கருவை முள் கிடக்கும், கட்டாயம் செருப்பு. வெள்ளைச் சட்டை, பளீர் சிவப்புச் சட்டை தவிருங்கள். பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சரணாலயமாக இருந்தால் வனத்துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருநோக்கி இருந்தால் 8 மடங்கு உள்ளது ஒன்று போதும். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கெட்டித் தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது எதையும் பெரிதாக்காது, ஆனால் சுற்றியுள்ளதை மறைத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தொந்தரவே எங்கே பார்ப்பது என்று தெரியாததுதான்.

தாளுக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு தினசரி நாள்காட்டி. பின்பக்கம் வெறுமையாக உள்ள நாள்காட்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்குப் பார்த்ததை வரைய வேண்டும். முன்பக்கம் தேதி, தமிழ் மாதம் எல்லாம் அச்சிலேயே இருக்கிறது. 'தேதி போடு, தேதி போடு' என்று நான் தொண்டை கிழியக் கத்தியது இதோடு நின்றது.

அழிரப்பர் மட்டும் வேண்டாம். காரணம் ஐந்தாவது படியில்.

3. பெரியவர்களிடம் கேட்பது: வேலை நடக்கிற இடத்துக்குப் போய்

புதிதாகத் தொடங்குபவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி, 'பறவைகளைப் பற்றிப் பேசுங்கள் அய்யா' என்பார்கள். அவர் எழுந்து ஒழுக்கத்தைப் பற்றியும் மரம் நடுவதைப் பற்றியும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அவருக்குத் தெரிந்தது மேடையில் வராது, அவ்வளவுதான்.

மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சியை மடையிலேயே போய்ப் பாருங்கள். ஆடு மேய்ப்பவரைக் கரையில் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை, வேலை முடிந்து மர நிழலில் உட்காரும்போது கேளுங்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவரை மறக்காதீர்கள். கூழைக்கடாவும் நீர்க்காகமும் எந்த மூலையில் எப்போது இறங்கும் என்று அவருக்கு அத்துப்படி, ஏனென்றால் அது அவர் பணம்.

கேட்கிற விதம் முக்கியம். "என்னென்ன பறவை வரும்?" என்று கேட்டால், "கொக்கு, நாரை எல்லாம் வரும்" என்ற பதிலோடு முடிந்துவிடும். வேலையோடு சேர்த்துக் கேளுங்கள்:

"கண்மாய் நெறஞ்சா மொதல்ல எது வரும்?"
"நாத்து நட்ட வயல்ல எது எறங்கி மிதிக்கும்?"
"அறுப்பு முடிஞ்சா அதே வயல்ல எது நிக்கும்?"
"ராத்திரி மடைக்குப் போறப்ப எது கத்தும்?"

கடைசிக் கேள்விக்கு எங்கள் நீர்ப்பாய்ச்சித் தாத்தா சிரித்துவிட்டார். "ஆக்காட்டிதான். நான் வர்றத ஊருக்கே சொல்லிரும்" என்றார். ஆள்காட்டி என்ற பெயருக்கு அர்த்தம் பிள்ளைகளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

பிள்ளைகள் இரண்டு நிற மையில் எழுதட்டும். பெரியவர் கண்ணால் பார்த்ததாகச் சொல்வது நீலத்தில். அவர் சொல்லும் காரணம், நம்பிக்கை, கதை எல்லாம் பச்சையில். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் எதைச் சரிபார்ப்பது என்று தெரியாது. பச்சை மையைக் கேலி செய்யவும் கூடாது. அதற்குள்ளேதான் பல சமயம் நல்ல கேள்வி ஒளிந்திருக்கும்.

ஒரு சங்கடம் உண்டு. பறவைகளைப் பற்றி மிக நுணுக்கமாகத் தெரிந்தவர் ஒரு காலத்தில் கண்ணி வைத்தவராக இருப்பார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அது குற்றம் என்பதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த மனிதரைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி வைத்துக் கண்டிக்காதீர்கள். உள்ளான் பறவை எந்தச் சேற்றில் இறங்கும் என்று அவரைப் போல எனக்கு யாரும் சொன்னதில்லை.

4. கரையில் எங்கே நிற்பது

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சாயங்காலம்தான் தோதுப்படும், ஆகையால் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். எதிர்வெயிலில் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் பிள்ளை தனக்குத் தோன்றிய நிறத்தைப் போட்டுவிடும். நாலரை மணியிலிருந்து இருட்டும் வரை பறவைகள் கூடு திரும்பும், காட்சிக்குக் குறைவில்லை.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதைப் பறவையே சொல்லும். இரை தேடுவதையோ இறகு கோதுவதையோ நிறுத்திவிட்டுக் கழுத்தை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், நீங்கள் அதிகம் வந்துவிட்டீர்கள். பத்தடி பின்னால் போங்கள். கூட்டில் இருக்கும் தாய் எழுந்தால் காக்கைக்கு ஒரு நிமிஷம் போதும் முட்டையைத் தூக்க. குஞ்சுக்கு உச்சிவெயிலும் ஆகாது. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலையும் வேண்டாம்.

கலுங்கில் பாசி வழுக்கும். தண்ணீர்ப் பக்கச் சரிவில் ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. இந்த ஒரு விதியில் எனக்கு இரக்கமே கிடையாது.

5. ஐந்து நிமிஷம் வெறுங்கை, பிறகு முதுகைத் திருப்பி வரைவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

கையில் தாள் இருந்தால் பிள்ளையின் கண் தாளில்தான் இருக்கும். அதனால் முதலில் ஐந்து நிமிஷம் வெறுங்கையோடு ஒரே ஒரு பறவையைப் பார்க்க வேண்டும். பிறகு கண்மாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாளை வாங்கி, நினைவிலிருந்து வரைய வேண்டும். வரையும்போதுதான் "கால் என்ன நிறம்?" என்று கை நிற்கும். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். பிறகு திரும்பி அதை மட்டும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டது எது என்று காட்டிக்கொடுப்பதற்குத்தான் படம். அழகு இரண்டாம் பட்சம்.

வரைகிற வரிசை இது. உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை. அந்தப் பெரிய முட்டை படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்து அலகு, அடுத்து கால். இரண்டையும் பார்த்தால் அது எதைத் தின்கிறது, எங்கே நிற்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். இறகின் நிறமெல்லாம் அப்புறம். உருவத்தின் அளவைச் சென்டிமீட்டரில் கேட்காதீர்கள். "மைனா அளவா, காக்கா அளவா, கோழி அளவா?" என்று கேளுங்கள்.

பறப்பதை வரையும்போது ஒரு தவறு தவறாமல் வரும். கொக்கையும் நாரையையும் ஒரே மாதிரி, கழுத்தை நீட்டிக்கொண்டு பறப்பதாக வரைவார்கள். கொக்கு கழுத்தை மடக்கி வைத்துக்கொண்டு பறக்கும், நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். இதை வாயால் சொல்லாதீர்கள். கழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கூட்டம் வரும்வரை காத்திருங்கள்.

அழிரப்பர் ஏன் கூடாது என்றால், தப்பான கோடுதான் பிள்ளை முதலில் என்ன நினைத்தது என்பதற்குச் சாட்சி. அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

தை மாதம் ஒருநாள் நடந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நத்தைகுத்தி நாரையை மூடிய அலகோடு வரைந்திருந்தான். திரும்பிப் பார்த்தவன், "அக்கா, வாய் ஒட்டல, நடுவுல சந்து இருக்கு" என்றான். பக்கத்திலிருந்த பெண், "இல்லக்கா, நான் பாத்தது நல்லா மூடித்தான் இருந்துச்சு" என்றாள். சண்டை முற்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. மடையிலிருந்து வந்த நீர்ப்பாய்ச்சித் தாத்தா இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பெருசு, அது இந்த வருஷத்துக் குஞ்சு. நத்தை தின்னுத் தின்னு இன்னும் வாய் தேயல" என்றார்.

இளம் நாரைக்கு அலகில் சந்து இருக்காது என்பது உண்மை. நீல மை. தேய்ந்துதான் சந்து விழுகிறது என்பது தாத்தாவின் காரணம். பச்சை மை. இருவர் படமும் சரி என்று ஆனதில் இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

6. நிறம்: கடையில் வாங்குவதற்கு முன்

கரித்துண்டு, செம்மண், மஞ்சள் தூள், கோலமாவு. இந்த நான்கில் எங்கள் கண்மாய்ப் பறவைகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம். ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, நிறப்பொடியைக் குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்ததும் பொடி உதிரும், கூடினால் தாள் சுருளும். ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நாரை கூடு கட்டும் மரத்தின் பிசினிலேயே நாரையை வரைகிறோம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும். பிள்ளைகளுக்கு அதில் ஒரே குதூகலம். சுண்ணாம்பைப் பெரியவர்தான் கலக்க வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. இந்தச் சிவப்பு நாளாக மங்கிவிடும். நிலைத்து நிற்க வேண்டிய இடத்தில் காவியோ செம்மண்ணோ போடுங்கள்.

இந்த நிறங்களுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், இருபத்துநாலு கலர் பெட்டியைக் கொடுத்தால் பிள்ளை பெட்டியில் இருக்கிற நிறத்தைப் போடும். குழைத்துக் கொண்டுவர வேண்டும் என்றால் பறவையில் இருக்கிற நிறத்தைத் தேடும்.

7. தப்போடு தெருவில் வையுங்கள்

பலரும் படங்களைத் திருத்தி, சட்டம் போட்டு, ஆண்டுவிழாவில் வைத்து, முதல் பரிசு இரண்டாம் பரிசு கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பரிசு என்று சொன்ன நிமிஷமே பிள்ளைகள் அச்சுப் படத்தைத் தேடிப் போய்விடுவார்கள். பரிசு வேண்டாம். திருத்தவும் வேண்டாம். அரைகுறையாக, கேள்விக்குறியோடு, ஊர் நடமாடும் இடத்தில் வையுங்கள். டீக்கடைச் சுவர், ரேஷன் கடை வாசல், பால் ஊற்றுகிற இடம்.

எங்களுக்கு நன்றாகப் பலித்தது மார்கழிக் கோலம். பறவைகள் வந்து இறங்கியிருக்கும் மாதமும் வாசலில் பெரிய கோலம் போடும் மாதமும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். வழக்கமாகப் போடுகிற அன்னத்துக்கும் கிளிக்கும் பதிலாக, நேற்றுப் பார்த்த பறவையைப் போடச் சொன்னேன். ஒரு பெண் மஞ்சமூக்கு நாரையைப் போட்டிருந்தாள். வெள்ளை உடம்பு, கறுப்புக் கோடு, மஞ்சள் அலகு, எல்லாம் சரி. ஆறரை மணிக்கு வேலைக்குக் கிளம்பிய அப்பத்தா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, வாலுக்கு மேல ரோஸ் இருக்குமே, அத விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று சாயங்காலம் கண்மாய்க்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் கோலத்தில் ரோஸ் பொடி இருந்தது.

அந்த அப்பத்தாவிடம் நான் இரண்டு வருஷமாகப் பறவையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "எனக்கு என்னத்தா தெரியும்" என்றுதான் சொல்வார். தப்பான படத்தைப் பார்த்ததும் தெரிந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

யார் என்ன சொன்னார்கள் என்பதைப் படத்தின் ஓரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஓலை மடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். குருத்தோலையில் குருவி செய்யக் கற்றுத்தரச் சொல்லுங்கள். கை ஓலையில் இருக்கும்போது வாய் பேசும்.

8. பெயர் கடைசியில்

ஊர்ப் பெயர் எப்போது வந்தாலும் வரட்டும், அது பெரியவர் வாயிலிருந்து வருகிறது. புத்தகப் பெயரைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். பெயர் தெரிந்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

ஒரு பறவைக்குப் பல பெயர் இருக்கும். இரட்டைவால் குருவி, கரிச்சான், வலியன் எல்லாம் ஒன்றே. எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒன்றைச் சரியென்று சொல்லி மற்றதை அடிக்காதீர்கள். இதற்கு நேர்மாறாக, ஒரு பெயருக்குள் பல பறவை இருக்கும். வெள்ளையாக நின்றால் எல்லாம் கொக்கு. இங்கேதான் புத்தகம் உதவும். குட்டை மஞ்சள் அலகோடு மாட்டின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. படத்தில் அலகையும் காலையும் சரியாகப் பிடித்த பிள்ளைக்கு இது அரை நிமிஷ வேலை.

இன்னொரு தவறு பெரியவர்களே செய்வது. கண்மாயில் கூடு கட்டுகிற எல்லாவற்றையும் 'வெளிநாட்டுப் பறவை, சைபீரியாவிலிருந்து வந்தது' என்று சொல்லிவிடுவார்கள். நத்தைகுத்தி, மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. குளிருக்கு ஒதுங்கி வடக்கிலிருந்து வரும் தகைவிலான், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கே கூடு கட்டாது. மங்கோலியா, திபெத்துப் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் அதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஒரே கேள்வி போதும்: "கூடு கட்டிச்சா?" தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவளா, குளிருக்கு வந்த விருந்தாளியா என்று எங்கள் பிள்ளைகள் பிரித்துக்கொள்கிறார்கள்.

9. பருவச் சக்கரம்

மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய வட்டம், பன்னிரண்டு பங்கு, சித்திரை முதல் பங்குனி வரை. உள்வட்டத்தில் கண்மாய்த் தண்ணீர் மட்டம். அடுத்த வட்டத்தில் வயல் வேலை: உழவு, விதைப்பு, களை, அறுப்பு. வெளிவட்டத்தில் பறவை. தினசரித் தாள்களைப் பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். யூகித்து நிரப்பக் கூடாது, பார்க்காத மாதம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

மூன்றையும் ஒரே வட்டத்தில் போட்டால்தான் தண்ணீரும் நத்தையும் நாரையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியும். தீபாவளி ஐப்பசியில் வருகிறது என்பதையும் பிள்ளைகள் அப்போது கவனிப்பார்கள். எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காக வெடி வெடிப்பதில்லை. ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது, சக்கரத்தில் ஐப்பசிப் பங்கைப் பார்த்தாலே போதும்.

10. பொங்கலுக்கு ஒரு கணக்கு, பங்குனியில் ஒரு பெட்டி

தமிழ்நாட்டில் 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இணையத்தில் ஏற்றினால் போதும். இரண்டு மாதம் வரைந்த பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை. தெரியாத பறவையைத் தெரிந்ததாக எழுதக் கூடாது என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். எண்ணிக்கை கூட வேண்டும் என்ற ஆசை பெரியவர்களையும் விடாது.

பங்குனியில் கண்மாய் காலியானதும் தாள்களை மர எண் வாரியாக அடுக்கித் தகரப் பெட்டியில் வையுங்கள். அட்டைப் பெட்டி என்றால் கரையான் விடாது. காய்ந்த வேப்பிலையைப் பரப்பி, பிசின் வண்ணம் பூசிய தாள்களுக்கு இடையே செய்தித்தாள் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு வருஷத்துத் தாள்களை அப்படி இழந்திருக்கிறேன். அடுத்த புரட்டாசியில் புதுப் பிள்ளைகள் வந்ததும் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து, கேள்விக்குறி தீராத படங்களை மட்டும் எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள்.